விலை ஏறும் என்ற பேச்சு வந்தால் வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் எப்படிப் போடுவது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். ஆவணியில் வந்து தை மாதக் கல்யாணத்துக்கு விலை கேட்பார்கள். தையில் அரிசி என்ன விலை, வெங்காயம் என்ன விலை, பரிமாற வரும் பிள்ளைகளுக்கு என்ன கூலி என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் ஓர் இலைக்கு இவ்வளவு என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு மாற்றிப் பேசினால் ஊரில் பேர் கெட்டுவிடும்.

இந்தத் தொழிலில் இருப்பதால் ஒன்று எனக்கு நன்றாகவே தெரியும். நாளை விலை ஏறும் என்று எல்லாரும் நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையே விலையை ஏற்றத் தொடங்கிவிடும். நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் பாதி இந்த நம்பிக்கையைக் கட்டுக்குள் வைக்கத்தான். நம் தோட்டத்து ஜனங்கள் பலர் இது படித்தவர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக் கடன் தவணை, கூட்டு (சீட்டு) கட்டும் பணம், கல்யாணச் செலவு என்று பணம் போவது நம் கையிலிருந்துதான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், எந்த மாதிரி விலையேற்றம் என்று பாருங்கள்

ஒரு தடவை ஏறி அங்கேயே நின்றுவிடும் விலை ஒரு வகை. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும் விலை இன்னொரு வகை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறோம்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. அன்று சாயங்காலமே பாசாரில் காய்கறி, மீன், தேங்காய் எல்லாவற்றுக்கும் டீசலைக் காரணம் சொன்னார்கள். உண்மையில், பதிவு செய்துகொண்ட சரக்கு லோரிகளுக்கு ஃப்ளீட் கார்டு என்ற மானிய அட்டை வழியாக 2.15 வெள்ளிக்கே டீசல் கிடைத்தது. அந்த ஜூன் மாதமும் ஜூலை மாதமும் நாட்டின் பணவீக்கம் 2.0 விழுக்காடு. வருடம் முழுக்கப் பார்த்தால் 1.8. பேங்க் நெகாரா அந்த ஆண்டு வட்டியைத் தொடவே இல்லை. 3 விழுக்காட்டிலேயே வைத்திருந்தது. இது ஒரு தடவை ஏறும் விலை, இதோடு நின்றுவிடும் என்று கணித்தார்கள், அப்படியே நின்றது. அந்த வாரம் பயந்துபோய் ஆறு மாதத்துக்கு விலையைக் கூட்டிச் சொன்ன வியாபாரிகள் வாடிக்கையாளர்களைத்தான் இழந்தார்கள்.

அரிசிக் கதை வேறு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1-ஆம் தேதி வெளிநாட்டிலிருந்து அரிசி தருவிக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உள்ளூர் வெள்ளை அரிசி மட்டும் அரசாங்கம் கட்டிய விலையில், 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்ததும் எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். கிடைக்காமல் போய்விடும் என்ற பேச்சு கிளம்பியது. ஒரு மூட்டை வாங்க வேண்டியவர் மூன்று மூட்டை வாங்கினார். சில வாரங்களில் கடைத் தட்டுகளில் உள்ளூர் அரிசியே இல்லை. விலை வித்தியாசம் பாதிக் காரணம் என்றால் பயம் மீதிப் பாதி. மூன்று மூட்டை வாங்கிய வீடுகளில் வண்டு விழுந்தது. தினக்கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்குகிற தோட்டத்துக் குடும்பம் வெறும் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த இரண்டாவது காட்சிதான் என்னால் தாங்க முடியாதது.

ஆகவே பேச்சு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இது வரி, மானியம் போல ஒரே நாளில் அரசாங்கம் மாற்றிய விலையா? அறுவடை, கப்பல், ஏற்றுமதித் தடை போல சில மாதத்தில் சரியாகக்கூடியதா? இல்லை கூலி, வாடகை, லோரி, காய்கறி என்று எல்லாமே சேர்ந்து ஏறுகிறதா? முதல் இரண்டுக்கும் பொறுமை போதும். மூன்றாவதுதான் பேங்க் நெகாரா வட்டியைத் தூக்க வைப்பது.

பேங்க் நெகாரா என்ன செய்கிறது

வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு ராத்திரிக்குக் கைமாற்று கொடுத்துக்கொள்ளும் வட்டியைத்தான் ஓபிஆர் என்கிறார்கள். இதை முடிவு செய்ய ஆண்டுக்கு ஆறு தடவை ஒரு குழு கூடுகிறது. கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், இதை 1.75-க்கு இறக்கினார்கள்; அதற்கு முன் அவ்வளவு கீழே போனதே இல்லை. 2022 மே மாதத்திலிருந்து கால் கால் விழுக்காடாக ஏற்றி, 2023 மே மாதம் 3.00-க்குக் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் 2.75 ஆக்கினார்கள்.

வட்டியை ஏற்றினால் அரிசிக் கப்பல் சீக்கிரம் வந்துவிடாது. செம்பனை அதிகமாகக் காய்க்காது. வட்டி வேலை செய்வது மனிதர்கள் மேல். தவணை கூடியதும் குடும்பம் புது சோபாவைத் தள்ளிப்போடும். கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்க நினைத்தவர் கொஞ்சம் பொறுப்பார். என் தொழிலில் இது அப்படியே தெரியும்: 800 பேருக்குச் சொன்ன கல்யாணம் 500 பேருக்கு வந்து நிற்கும். வாங்குகிறவர்கள் குறைந்தால் விற்கிறவர்கள் விலையை ஏற்றத் தயங்குவார்கள். இது முழுசாகப் பலிக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதனால்தான் அவர்கள் இன்றைய விலையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அடுத்த வருடம் விலை எப்படி இருக்கும் என்று நாமெல்லாம் நினைக்கிறோமோ அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

வெள்ளியின் மதிப்பும் இதில் வருகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.79 வெள்ளி வரை போனது, 1998-க்குப் பிறகு அவ்வளவு சரிந்தது அப்போதுதான். அமெரிக்காவில் வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல், இங்கே 3. பணம் அங்கே ஓடியது. பருப்பு, காய்ந்த மிளகாய், வெங்காயம் எல்லாம் கப்பலில் வருபவை. ரசத்துக்குள்ளேயே டாலர் இருக்கிறது என்று என் உதவியாளர் பிள்ளைகளிடம் சொல்வேன்.

வீட்டுக் கடன் கடிதத்தை எடுத்து வையுங்கள்

இங்கேதான் நிறையப் பேருக்குப் பணம் போகிறது. கடிதத்தில் வட்டி எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2022 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வாங்கிய வீட்டுக் கடனில் எஸ்பிஆர் என்று ஓர் அடிப்படை வட்டி இருக்கும், அதற்கு மேல் வங்கியின் பங்கு ஒன்றைக் கூட்டியிருப்பார்கள். எஸ்பிஆர் ஓபிஆரோடு கட்டப்பட்டது. ஓபிஆர் கால் விழுக்காடு ஏறினால் அதுவும் கால் ஏறும். அதற்கு முந்திய கடன்களில் பிஆர் அல்லது பிஎல்ஆர் என்று இருக்கும். பெயர் எதுவானாலும் ஓபிஆர் மாறும்போது அதுவும் நகரும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு சின்ன மாடி வீட்டுக்கு 200,000 வெள்ளி கடன், 30 வருடம். வட்டி 3.25 என்றால் மாதம் ஏறக்குறைய 870 வெள்ளி. ஓபிஆர் 1.75-லிருந்து 3.00-க்குப் போன மாதிரி இதுவும் 1.25 ஏறி 4.50 ஆனால், மாதம் 1,013 வெள்ளி. 143 வெள்ளி கூடுகிறது. வருடத்துக்கு 1,700-க்கும் மேல். 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு மாத உழைப்பே இந்த வட்டி ஏற்றத்துக்குப் போய்விடுகிறது.

2020, 2021-ல் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது கடன் எடுத்த இளம் தம்பதிகள் அந்தத் தவணையே எப்போதும் இருக்கும் என்று நம்பினார்கள். இனி கடன் எடுக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: வங்கி சொல்லும் வட்டியோடு இன்னும் ஒன்றரை விழுக்காடு கூட்டினால் தவணை என்ன வரும் என்று அந்த அதிகாரியிடமே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகையை ஆறு மாதம் கட்டுவது போல ஒரு தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் வீட்டை வாங்குங்கள். முடியாவிட்டால் சின்ன வீடு, இல்லையென்றால் கொஞ்ச நாள் பொறுப்பது.

வட்டி குறையும்போது இன்னொரு நல்ல வேலை செய்யலாம். தவணை குறைந்தாலும் பழைய தொகையையே கட்டுங்கள். ஆனால் அதிகப்படியான பணத்தை அசலில் கழிக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் பல வங்கிகளில் அதை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு காசு வட்டி மிச்சமாகாது.

கார் கடன் அப்படியில்லை. வழக்கமான வாடகைக் கொள்முதலில் கையெழுத்துப் போட்ட அன்றே வட்டி விகிதம் நிலையாகிவிடும். ஓபிஆர் ஏறினாலும் இறங்கினாலும் பழைய கார் தவணை மாறாது. ஆனால் 3 விழுக்காடுதானே என்று ஏமாறாதீர்கள். 50,000 வெள்ளிக்கு 9 வருடம் நேர் வட்டி (கடைசி வரை முழு அசலுக்கும் போடும் வட்டி) 3 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 13,500. குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 5.5 விழுக்காடு. வீட்டுக் கடனைவிட அதிகம். கிரெடிட் கார்டு 15-லிருந்து 18 விழுக்காடு. ஓபிஆர் எங்கே போனாலும் அது அங்கேயேதான் நிற்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான்.

சேமிப்பு

வங்கியில் போட்ட பணம் வளர்கிறதா என்று வட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வட்டியில் பணவீக்கத்தைக் கழியுங்கள். 2022-ல் நாட்டுப் பணவீக்கம் 3.3 விழுக்காடு, அந்த ஆண்டு தொடக்கத்தில் நிலையான வைப்பில் 2 விழுக்காட்டுக்கு அருகில் போட்டவர்களின் பணம் வாங்கும் சக்தியில் தேய்ந்தது. 2024-ல் பணவீக்கம் 1.8, இபிஎஃப் என்ற ஊழியர் சேம நிதி கொடுத்த லாப ஈவு 6.30. இபிஎஃப்பின் மரபுவழிச் சேமிப்புக்கு (ஷரியா முறை அல்லாதது) 2.5-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், என் சமையல்கட்டில் தினக்கூலிக்கு வரும் அம்மாக்கள் மாதிரி, 60 வயதுக்குள் இருந்தால் இபிஎஃப்பின் ஐ-சாரான் என்ற திட்டத்தில் பதிந்து பணம் போடலாம். அரசாங்கமும் ஒரு பங்கு போடுகிறது. ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை வைப்புக்குப் பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு.

கூட்டு கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் இரண்டு வருடம் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். விலை ஏறும் காலத்தில் கடைசி ஆள் வாங்கும் பணத்தில் பழைய அளவு சாமான் வராது. நடத்துபவர் ஓடிப்போனால் கேட்க ஆளில்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். விலை ஏறும் என்று பயந்து நகையாக வாங்கி வைப்பவர்கள் செய்கூலி திரும்பி வராது என்பதைக் கணக்கில் சேருங்கள்.

உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நீங்களே எடுங்கள்

புள்ளிவிவரத் துறை மாதாமாதம் வெளியிடும் பணவீக்கக் கணக்கில் சாப்பாட்டுச் சாமான்களுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு பங்கு கொடுக்கிறார்கள். தோட்டத்தில் இருக்கும் குடும்பத்தில் சம்பளத்தில் பாதி மளிகைக்கே போகும். அதனால் டிவியில் 1.8 என்று சொல்லும்போது உங்களுக்குப் பொய்யாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. பொய்யில்லை, உங்கள் கூடை வேறு.

ஒரு நோட்டில் நீங்கள் தவறாமல் வாங்கும் பன்னிரண்டு சாமான்களை எழுதுங்கள்: அரிசி, எண்ணெய், கோழி, முட்டை, வெங்காயம், பருப்பு, பால்மாவு, கேஸ் தோங்கு (சிலிண்டர்), பஸ் கட்டணம் இப்படி. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரே கடையில் விலை பார்த்து எழுதுங்கள். விலையோடு அளவையும் எழுதுங்கள், ஏனென்றால் பிஸ்கட் பொட்டலத்தில் விலை அப்படியே இருக்கும், எடை குறைந்திருக்கும். ஒரு வருடத்தில் கூட்டிப் பார்த்தால் உங்கள் விழுக்காடு தெரியும். மனசு ஏறிய விலையை மட்டும்தான் ஞாபகம் வைக்கும். கோழி விலை இறங்கிய மாதம் யாருக்கும் நினைவிருக்காது, நோட்டில் இருக்கும். முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கப் போகும்போது இந்த நோட்டு கையில் இருந்தால், "எல்லாம் ஏறிப்போச்சு" என்று பொதுவாகப் பேச வேண்டியதில்லை.

கடைக்காரர்களும் என்னைப் போல ஆர்டர் எடுப்பவர்களும்

போன வருடம் ஒரு பெண்ணின் அப்பா வந்தார். 600 பேருக்குச் சாப்பாடு. அவர் முதலில் போன இடத்தில் இப்போதைய விலையோடு 15 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏன்னு கேட்டேன் அக்கா. தை மாசம் எல்லாமே ஏறிடும்னு சொல்றாங்க. நீங்களும் அப்படித்தான் சொல்வீங்களா?"

"எது ஏறும்னு பாத்துட்டுச் சொல்றேன் அண்ணே, உக்காருங்க."

அவர் முன்னாலேயே எழுதிக் காட்டினேன். அன்றைக்கு இலைக்கு 18 வெள்ளி. அதில் சாமான் 9, ஆள் கூலி 4, லோரி, கேஸ், இலை எல்லாம் 2, எனக்கு 3. சாமான் 9 வெள்ளியில் சர்க்கரை போன்றவற்றுக்கு அரசாங்கம் விலை கட்டியிருக்கிறது. உள்ளூர்க் காய்கறி மழையைப் பொறுத்து ஏறும், இறங்கும். உண்மையில் ஏறும் ஆபத்து உள்ளது பாஸ்மதி, பருப்பு, வெங்காயம், மிளகாய், அதெல்லாம் சேர்த்து 4 வெள்ளி. அதற்கு 5 விழுக்காடு வைத்தால் 20 காசு. கூலியில் 30 காசு கூட்டினேன். மொத்தம் 50 காசு. 600 பேருக்கு 300 வெள்ளி. 15 விழுக்காடு போட்டிருந்தால் இலைக்கு 2.70, அதாவது 1,620 வெள்ளி. மீதி 1,320 வெள்ளி வெறும் பயத்துக்கு விலை.

அந்தப் பயத்தை ஒரே ஆள் விலையில் ஏற்றுவதில்லை. மண்டபக்காரர் ஏற்றுகிறார், பூக்காரர் ஏற்றுகிறார், மேடை ஜோடிப்பவர் ஏற்றுகிறார், வீடியோ எடுப்பவர் ஏற்றுகிறார். அந்தப் பூக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வரும்போது நான் ஏற்றிய விலையை அவர் கட்டுவார். இப்படித்தான் ஒரு சின்ன ஊரில் பேச்சு விலையாகிறது. நாடு முழுக்க நடப்பதும் இதேதான். எங்கள் பெரியவர்கள் 1974-ஐப் பற்றி இன்னும் பேசுவார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த ஆண்டு பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியது.

அதற்காக ஏறவே ஏறாது என்று நினைத்தும் விலை சொல்லக் கூடாது. இந்தோனேசியா 2022 ஏப்ரல் கடைசியில் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம் வாசலில் செம்பனைக் குலை லோரி லோரியாகப் போய்க்கொண்டிருந்தும் போத்தல் எண்ணெய் விலை எகிறியது. அதனால் நான் எழுதிக் கொடுக்கும் விலைத்தாளில் இரண்டு வரி இருக்கும். விலை 30 நாளுக்குச் செல்லும், அதற்குள் முன்பணம் கட்டினால் கல்யாணம் வரை மாறாது. அரிசியோ எண்ணெயோ 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் அந்தச் சாமானின் கூடுதலை மட்டும் இருவரும் பாதிப் பாதி ஏற்போம், இறங்கினாலும் அப்படியே. இது இரண்டு பக்கமும் செல்லும் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சரக்கை முன்கூட்டி வாங்கிப் போடுவது பற்றி: கடனில் வாங்கினால் வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். ஓவர் டிராஃப்ட் வட்டியும் ஓபிஆரோடு நகரும். வருடத்துக்கு 8 விழுக்காடு என்றால் ஆறு மாதத்துக்கு 4. விலை 4 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் லாபம், அதுவும் வண்டும் பூஞ்சையும் தொடாமல் இருந்தால். முன்பணம் கையில் வந்ததும் பருப்பு, மிளகாய், புளி வாங்குவேன். அரிசி, வெங்காயம் ஒருபோதும் மூன்று வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. அப்புறம், கடைக்குக் கடன் எடுப்பவர்கள் லோரி, மாவு மில் போன்றவற்றுக்கு நிலையான வட்டியும், தினசரிச் சுழற்சிக்கு மட்டும் நகரும் வட்டியும் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாமே நகரும் வட்டி என்றால் ஒரே கூட்டத்தில் எல்லாத் தவணையும் ஏறும்.

கடைசியாக, தவணை கட்ட முடியாமல் இரண்டு மாதம் பின்தங்கியவர்களுக்கு. தயவுசெய்து ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) போகாதீர்கள், பக்கத்து வீட்டு நகையை வாங்கி அடகு வைக்காதீர்கள். பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனை இலவசம், வங்கிகளிடம் பேசித் தவணையைத் திருத்தி அமைக்க உதவுவார்கள். வங்கி வழக்குப் போடும் வரை காத்திருக்க வேண்டாம், வரும் தவணையைக் கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே போங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாக் கடன்களின் கடிதங்கள், வீட்டுச் செலவு எழுதிய அந்த நோட்டு, மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போனால் பேச்சு சுலபமாக முடியும்.